மேலிருந்து தெரியும் ஏர்த்தடம்



இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர், வார்விக்ஷயர், பக்கிங்காம்ஷயர் என்று சில மாவட்டங்கள் உண்டு. கனத்த களிமண் பூமி. குளிர்காலத்தில், பொழுது சாயும் நேரத்தில், ஒரு சிறு விமானத்தில் ஏறி அந்த ஊர்களின் மேலே பறந்தால், பச்சைப் புல்வெளிகளில் வரிவரியாக நிழல் விழுந்திருப்பது தெரியும். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு என்று நூற்றுக்கணக்கான வரிகள். ஒரு தொகுதி வடக்கு நோக்கி ஓடும். அதை ஒட்டிய தொகுதி கிழக்கு நோக்கி ஓடும். தரையில் நின்று பார்ப்பவருக்கு அது வெறும் மேடுபள்ளம். மேலே போனால் ஓர் ஊரின் வயற்காடு முழுவதும் அடுக்கு மாறாமல் கண்முன் விரிகிறது.

அந்த வரிகள் ஏர் ஓட்டியதால் உண்டானவை. பெரும்பாலானவை அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய உழவு. சிலவற்றின் தொடக்கம் ஆயிரம் ஆண்டுகளை நெருங்கும். அவற்றை உண்டாக்கியவர்களில் மிகப் பலருக்குக் கல்லறையில்கூடப் பெயர் இல்லை. மன்னர்களின் கோட்டைகளையும் ஆயர்களின் தேவாலயங்களையும் வரலாறு போற்றி வைத்திருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத உழவர்கள் விட்டுப்போன ஆவணம் இந்த மேடுபள்ளம்தான். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது எப்படி, அது நமக்குச் சொல்வது என்ன என்பதுதான் இன்றைய என் பேச்சு. அதற்குள் ஒரு துயரமும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த மேடு எப்படி உண்டானது என்று பார்ப்போம்.

நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. கொழு போகும் வழியில் மண் இரண்டு பக்கமும் சமமாக ஒதுங்கும். இடைக்கால இங்கிலாந்தின் கனத்த கலப்பை வேறு வகை. கொழுவுக்கு முன்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்ட ஒரு கத்தி. கொழு அடியில் அறுக்கும். அறுபட்ட மண்ணைப் புரட்டித் தள்ள, வலப்பக்கம் ஒரு பலகை. அந்தப் பலகை அசையாமல் பொருத்தப்பட்டது. அதனால் மண் எப்போதும் வலப்பக்கமே விழும். உழவர் நீண்ட ஒரு பட்டை நிலத்தின் நடுவில் முதல் சாலைப் போடுவார். கடைசியில் வலப்பக்கமாகத் திரும்பி, முதல் சாலை ஒட்டியே இறங்கி வருவார். இப்படி வலஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி உழுதால், ஒவ்வொரு சாலின் மண்ணும் பட்டையின் நடுவை நோக்கியே விழும். ஆண்டுக்கு ஆண்டு, தலைமுறைக்குத் தலைமுறை இதே சுற்று தொடர்ந்தால் நடு உயரும், ஓரம் தாழும்.

இதைத் தற்செயல் என்று எண்ண வேண்டாம். அது மழை மிகுந்த பூமி, நீர் இறங்காத களிமண். பள்ளம் வடிகாலாக வேலை செய்தது. மழை மிஞ்சிய ஆண்டில் பள்ளத்துப் பயிர் அழுகினாலும் மேட்டுப் பயிர் பிழைக்கும். மழை குறைந்த ஆண்டில் பள்ளத்தில் ஈரம் நிற்கும். எந்த ஆண்டு எப்படி வந்தாலும் கஞ்சிக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்ற கவலை அந்த மேட்டில் படிந்திருக்கிறது.

மேலிருந்து பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். இந்த வரிகள் நேராக இல்லை. இரு முனைகளிலும் மெல்ல வளைந்து, ஆங்கில எழுத்து 'எஸ்' ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற உருவத்தில் இருக்கின்றன. இந்த வளைவுக்குக் காரணம் எருதுகள். 1086ஆம் ஆண்டு வில்லியம் மன்னர் எடுக்கச் செய்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு, ஊர் ஊராக ஏர்களை எண்ணியது. ஓர் ஏருக்கு எட்டு எருது என்பது அதன் கணக்கு. எல்லா வயலிலும் எட்டும் பூட்டப்பட்டன என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் களிமண்ணைப் புரட்ட நீண்ட பூட்டு தேவைப்பட்டது. இரண்டிரண்டாக நான்கு இணைகளைப் பூட்டினால், முன்னால் போகும் இணைக்கும் கலப்பைக்கும் இடையே நெடுந்தூரம். அந்தக் கூட்டத்தை வயலின் தலைப்பில் சட்டென்று திருப்ப முடியாது. ஆகவே முனை வருவதற்கு முன்பே உழவர் மாடுகளை இடப்பக்கமாகச் சற்று ஒதுக்கி ஓட்டுவார். முன் மாடுகள் தலைப்பை ஒட்டி நடக்கத் தொடங்கும்போது கலப்பை இன்னும் சாலிலேயே இருக்கும். பிறகு வலப்பக்கமாகத் திரும்ப இடம் கிடைக்கும். நூற்றாண்டுகளாக அந்த ஒதுக்கம் மண்ணில் பதிந்து நிலத்தின் வடிவமாகவே ஆகிவிட்டது. மாடு ஓட்டியவரின் சாமர்த்தியத்தை இன்றைக்கு நாம் விமானப் படத்தில் பார்க்கிறோம்.

ஏர் திரும்பும் தலைப்பிலும் ஒரு தடயம் உண்டு. திருப்பத்தில் கலப்பையில் ஒட்டிய மண்ணை உழவர் அங்கே சுரண்டிப் போட்டார். அந்த மண் சேர்ந்து சேர்ந்து நீண்ட கரையாக எழுந்தது. உழவு வரிகள் அழிந்துபோன இடத்தில்கூட இந்தக் கரைகள் சில சமயம் மிஞ்சி நின்று, வயலின் எல்லை எது என்று காட்டிக் கொடுக்கின்றன.

ஓர் உழவுக் குடும்பத்திடம் எட்டு எருது இருப்பது அபூர்வம். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் இரண்டு என்று சேர்த்துத்தான் ஏர் பூட்ட வேண்டியிருந்தது. இந்தக் கூட்டுழைப்பு நிலப் பகிர்விலும் தெரிகிறது. ஊரின் விளைநிலமாக இரண்டு அல்லது மூன்று பெரிய வயல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பல நூறு ஏக்கர். உள்ளே வேலி கிடையாது. அவை தொகுதிகளாகவும், தொகுதிகள் பட்டைகளாகவும் பிரிந்தன. ஒரு குடும்பத்தின் பட்டைகள் ஒரே இடத்தில் இராமல் ஊர் வயல் முழுவதும் சிதறிக் கிடந்தன. நல்ல மண்ணிலும் எல்லாருக்கும் பங்கு, மட்டமான மண்ணிலும் எல்லாருக்கும் பங்கு. மூன்று வயல் உள்ள ஊரில் ஒன்றில் குளிர்கால விதைப்பாகக் கோதுமை அல்லது ரை, இரண்டாவதில் வசந்த விதைப்பாக வாற்கோதுமை, ஓட்ஸ், பட்டாணி, அவரை வகைகள், மூன்றாவது தரிசு. அறுவடை முடிந்த தாளிலும் தரிசிலும் ஊர் மாடுகளும் ஆடுகளும் சேர்ந்து மேயும். சாணமும் புழுக்கையும் எருவாகும். எப்போது விதைப்பது, எப்போது மாடுகளை இறக்குவது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும்.

இந்த முறை உயிரோடு இருக்கும் ஊர் ஒன்று இன்றும் உண்டு. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த அந்த ஊரின் நில வரைபடத்தில் ஒவ்வொரு பட்டையும் குறிக்கப்பட்டிருக்கிறது. தெற்கு வயல், மேற்கு வயல், ஆலை வயல் என்று இன்றும் மூன்று வயல்கள் அங்கே இருக்கின்றன. பட்டைகள் பழையதைவிட அகலம், எண்ணிக்கை குறைவு. ஆயினும் குளிர்காலத் தொடக்கத்தில் ஊர் நடுவர் குழு வயலைச் சுற்றி வந்து, பொதுப் பாதையிலோ அடுத்தவர் பட்டையிலோ ஏர் நுழைந்திருந்தால் அபராதம் விதிக்கும் வழக்கம் நிற்கவில்லை.

இங்கே நம் நாட்டோடு ஒரு நேரான தொடர்பு உண்டு. எருதுகள் மூச்சு வாங்காமல் இழுக்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 220 கஜம் என்று ஓர் அளவு அந்த வயல்களில் நிலைத்தது. அதுதான் ஒரு பர்லாங். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் 220 கஜ நீளமும் 22 கஜ அகலமும் என்று கணக்கானது. பெருக்கினால் 4,840 சதுர கஜம். அதுதான் ஓர் ஏக்கர். அந்த 22 கஜத்தை எட்மண்ட் குண்டர் என்ற கணித அறிஞர் 1620இல் நூறு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாக அமைத்தார். அந்தச் சங்கிலியோடுதான் பிரிட்டிஷ் நில அளவையாளர்கள் சென்னை மாகாணத்து வயல்களுக்குள் இறங்கினார்கள். நம்முடைய பழைய புல வரைபடங்களில் நீளங்கள் லிங்க், அதாவது கண்ணிக் கணக்கில் இருப்பது அதனால்தான். ஏக்கரை நூறாகப் பிரித்துச் சென்ட் என்று இன்றும் மனை விலை பேசுகிறோம். இங்கிலாந்துக் களிமண்ணில் நடந்த எருதின் ஒரு நாள் உழைப்பு, நம் கிரயப் பத்திரத்தில் அளவாக நிற்கிறது.

இனி, இந்த வரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை.

ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட் 1886இல் மும்பையில் பிறந்தவர். பிறந்த சில நாட்களில் தாயை இழந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போய், அத்தைமாரிடம் வளர்ந்தார். முதல் உலகப் போரில் விமானத்தில் அமர்ந்து நிலத்தைக் கண்காணிக்கும் பணி செய்தார். பதுங்குகுழிகளைப் படத்தில் அடையாளம் காணப் பழகிய கண், போருக்குப் பின் பழைய வயல்களைக் கண்டுகொண்டது. 1920இல் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயில் முதல் தொல்லியல் அலுவலரானார். 1922இல் ஹாம்ப்ஷயர் பகுதியில் விமானப் படையினர் எடுத்த சில படங்கள் அவர் கைக்கு வந்தன. சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் சிறு சிறு கட்டங்களாகக் கோடுகள் தெரிந்தன. அவை ரோமானியர் வருகைக்கு முன்பும் அவர்கள் காலத்திலும் உழுத வயல்களின் கரைகள் என்று கிராஃபோர்ட் கண்டார். 1924இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லருடன் சேர்ந்து பறந்து எடுத்த படங்கள், 1928இல் 'வெசெக்ஸ் ஃப்ரம் தி ஏர்' என்ற நூலாக வந்தன. வான்வழித் தொல்லியல் என்னும் துறைக்கு இவை அடித்தளம்.

அந்தக் குன்று வயல்கள் ஏன் சிறு கட்டங்களாக இருக்கின்றன? அங்கே ஓடியது நம் நாட்டுக் கலப்பையைப் போன்ற, மண்ணைக் கீறும் இலகுவான கலப்பை. கீறும் கலப்பையால் ஒருமுறை உழுதால் போதாது. நெடுக்கே உழுது, பிறகு குறுக்கே உழ வேண்டும். இரு திசையிலும் உழ ஏறத்தாழச் சதுரமான வயலே வசதி. புரட்டும் கலப்பைக்கு நீண்ட பட்டை, கீறும் கலப்பைக்குச் சதுரக் கட்டம். வயலின் உருவத்தைப் பார்த்தே எந்தக் கலப்பை ஓடியது என்று ஊகிக்கலாம். கலப்பையே கிடைக்காத இடத்தில்கூட அதன் வேலை நிலத்தில் நிற்கிறது.

மேலிருந்து பார்க்கும்போது தடயங்கள் மூன்று வழிகளில் வெளிப்படுகின்றன. முதலாவது நிழல். சாய்வெயிலில் ஓர் அடி உயர மேடுகூட நிழல் வீசும். மெல்லிய பனி படிந்தாலும், பள்ளங்களில் மழைநீர் நின்றாலும் வரிகள் துலங்கும். இரண்டாவது மண்ணின் நிறம். மேடு முழுக்க உழுது சமமாக்கப்பட்ட பிறகும், புது உழவில் பழைய கரையின் மண் வேறு நிறத்தில் தெரியும். மூன்றாவது பயிர். மூடப்பட்ட பழைய வாய்க்காலின் மேல் மண் ஆழம், ஈரம் தங்கும், பயிர் உயர்ந்து பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் மண் ஆழமில்லை. பயிர் குட்டையாகி முன்னதாகவே பழுக்கும். வறட்சியில் இந்த வேறுபாடு கூடும். அதனால்தான் 1976, 2018 ஆகிய ஆண்டுகளின் கடுங்கோடைகள் பிரிட்டனின் வான்வழி ஆய்வாளர்களுக்கு மிகுந்த பலன் தந்தன.

படம் மட்டும் போதுமா என்ற கேள்வியை எழுப்பியவர் பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட். புல்வெளியில் தெரியும் மேடுகளும், பழைய வரைபடங்களில் உள்ள உழவர் பட்டைகளும் ஒன்றுதானா? அவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு 1948இல் எழுதினார். இதற்குச் சிறந்த சான்று பக்கிங்காம்ஷயரில் உள்ள பேட்பரி. ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்காக 1591இல் வரையப்பட்ட அந்த ஊர் வரைபடமும், இருபதாம் நூற்றாண்டு விமானப் படமும் பட்டைக்குப் பட்டை பொருந்தின. வரைபடத்தில் மை கொண்டு இழுத்த கோடு, தரையில் புல் மூடிய பள்ளமாக அப்படியே கிடந்தது. எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மேடுகள் எல்லாமே இடைக்காலத்தவை என்பது தவறு என்று வரலாற்றாசிரியர் எரிக் கெரிட்ஜ் 1951இல் மறுத்து எழுதினார். அந்த மறுப்பிலும் நியாயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிகாலுக்காகவும் நீராவி உழவாலும் உண்டான மேடுகளும் உண்டு. அவை குறுகலாக, அளவுகோல் வைத்தது போல் நேராக இருக்கும். வளைவு உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் பழகியது இந்த விவாதத்தால்தான். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜே. கே. எஸ். செயின்ட் ஜோசப் 1945 முதல் பறந்து எடுத்த படங்களோடு, பெரஸ்ஃபோர்டும் அவரும் சேர்ந்து 1958இல் இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டனர்.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன துயரத்துக்கு வருகிறேன்.

தொடர்ந்து உழப்படும் நிலத்தில் பழைய உழவின் தடம் நிற்காது. உழும் முறை மாறியதும் புதிய உழவு பழைய மேட்டை அழித்துவிடும். அப்படியானால் இந்த மேடுகள் ஏன் இருக்கின்றன? உழவு நின்றுபோனதால் இருக்கின்றன. ஒரு நாள் ஏர் நின்றது, புல் மூடியது, மறுபடி யாரும் உழவில்லை. அந்தப் பச்சைப் போர்வைதான் மேட்டைக் காத்தது.

ஏர் ஏன் நின்றது? 1348இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைக் கொண்டுபோனது. உழ ஆள் குறைந்தது, கூலி உயர்ந்தது. தானியத்தைவிடக் கம்பளிக்கு நல்ல விலை. ஓர் இடையரும் ஒரு நாயும் போதும் என்ற நிலையில், ஊரையே காலி செய்து நிலத்தை ஆட்டு மேய்ச்சலாக்குவது நிலவுடைமையாளருக்கு லாபமாகப் பட்டது. வார்விக்ஷயரில் ஸ்ட்ரெட்டன் பாஸ்கர்வில் என்ற ஊர். 1494இல் ஹென்றி ஸ்மித் என்ற நிலவுடைமையாளர் அங்கே 640 ஏக்கரை வேலியிட்டு மேய்ச்சலாக்கினார். எண்பது பேர் அழுதுகொண்டே ஊரைவிட்டுப் போனார்கள் என்று 1517இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் பதிவு சொல்கிறது. தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட 'உட்டோப்பியா'வில் இந்த ஆட்டு மந்தைகளைப் பற்றிக் கொதித்து எழுதியதன் பின்புலம் இதுவே. யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற ஊரும் இப்படித்தான் காலியானது. பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் நாற்பது ஆண்டுகளாகக் கோடைதோறும் அங்கே அகழாய்வு நடத்தினர். கூரையில்லாத ஒரு தேவாலயமும், புல்லுக்கு அடியில் வீடுகளின் அடித்தடமும் இப்போது அங்கே இருக்கின்றன.

இது முதல் அலை. அடுத்த அலை நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக வந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள். சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பொது வயலும் பொது மேய்ச்சலும் தனித்தனிச் சொத்தாகப் பிரிக்கப்பட்டன. விளைச்சல் கூடியது உண்மை. அதே நேரத்தில், ஒரு மாட்டை மேய்க்கும் உரிமையை மட்டும் நம்பியிருந்த ஏழைகள் அதை இழந்தார்கள். ஹெல்ப்ஸ்டன் என்ற ஊரில் பிறந்த உழைப்பாளி மகன் ஜான் கிளேர், 1809இல் தன் ஊருக்கு வந்த வேலியடைப்புச் சட்டத்தின் வலியைக் கவிதையாக்கினார். விமானப் படத்தில் இந்த நிகழ்வும் தெரிகிறது. வளைந்து ஓடும் பழைய உழவு வரிகளின் குறுக்கே, அவற்றைச் சற்றும் மதிக்காமல், நேர்கோட்டில் ஒரு முள்வேலி வெட்டிப் போகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வரி அந்தப் பக்கம் தொடர்கிறது. எது முந்தையது, எது பிந்தையது என்று சொல்ல வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களே, அந்த அழகிய வரிகளைப் பார்க்கும்போது, உழவர்களின் உழைப்பையும் அவர்களின் வெளியேற்றத்தையும் சேர்த்தே பார்க்கிறோம். எங்கே உழவர்கள் தொடர்ந்து உழுதார்களோ அங்கே தடம் இல்லை. எங்கே அவர்கள் துரத்தப்பட்டார்களோ, அல்லது நிலம் புல்லுக்கு விடப்பட்டதோ, அங்கேதான் தடம் பாதுகாக்கப்பட்டது. பழைய தடம் மிக நன்றாக நிற்கும் இடத்தைக் கண்டால், இங்கே வாழ்வு ஏன் நின்றது என்று உடனே கேட்க வேண்டும். வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் பாடம் இதுதான்.

அப்படி மிஞ்சியவையும் வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் உணவுப் பஞ்சத்தைத் தவிர்க்கப் புல்வெளிகள் உழப்பட்டன. போருக்குப் பின் டிராக்டரும் தானியத்துக்கான மானியமும் சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தன. ஐந்நூறு ஆண்டு நின்ற மேடு சில பருவ உழவில் சமமாகிவிடும். தொல்லியலாளர் டேவிட் ஹால் 2001இல் நடுப்பகுதி மாவட்டங்களுக்காக அளித்த அறிக்கை, ஊர் வயல்கள் நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இடங்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று எச்சரித்தது. போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் விமானப் படை நாடு முழுவதையும் எடுத்த படங்களில் உள்ள பல வயல்கள், இன்று அந்தப் படங்களில் மட்டுமே இருக்கின்றன.

ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தித் தரையின் உயரத்தை அளக்கும் லைடார். மர இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டை நீக்கிய தரையின் உருவம் கிடைக்கும். அடர்ந்த மரங்களின் கீழே உழவு வரிகள் தெரிந்தால், அந்தக் காடு உழவுக்குப் பின்னே வளர்ந்தது என்று பொருள். ஆதியிலிருந்தே காடு என்று நம்பப்பட்ட இடங்களில் ஒரு காலத்தில் வாற்கோதுமை விளைந்திருக்கலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இந்த அளவீடுகளை எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறது. நம் ஊரிலிருந்தே அவற்றைத் திறந்து பார்க்கலாம்.

ஆனால் கருவி எதுவானாலும் மேலிருந்து பார்ப்பது வேலையின் பாதிதான். படம் உருவத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. யார் உழுதார், யார் வாரம் வாங்கினார், யார் வெளியேற்றினார் என்பதையும் சொல்லாது. அதற்கு நில வரைபடமும் வழக்குப் பதிவும் வரிக் கணக்கும் வேண்டும். வயலில் நடக்கும் கால்களும் வேண்டும். பெரஸ்ஃபோர்டின் பெருமை, இவை எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததில் இருக்கிறது.

நிறைவாக ஒன்று சொல்கிறேன். கைவிடப்பட்ட ஊரோடு சேர்ந்திருக்கும் உழவு வரிகளுக்கு இங்கிலாந்தில் ஓரளவு சட்டப் பாதுகாப்பு கிடைக்கிறது. தனியாக ஒரு புல்வெளியில் கிடக்கும் வரிகளுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. நில உரிமையாளரின் மனசாட்சிதான் காவல். கோட்டைக்குக் காவல் போடும் உலகம், அந்தக் கோட்டைக்குச் சோறு போட்ட வயலையும் ஒரு நினைவுச் சின்னமாக மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை. அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அந்தப் புல்லைப் புல்லாகவே விட்டால் போதும். உழவரின் பெயரை நம்மால் மீட்க முடியாது. அவர் எருதைத் திருப்பிய இடத்தை மீட்க முடிந்திருக்கிறது. கிடைத்ததைக் கண்டபின் அழியவிட்டால், அந்தப் பழி பழங்காலத்து நிலவுடைமையாளர்களின் மேல் விழாது. கண்டும் வாளாவிருந்த நம் மேல்தான் விழும்.